ஜாங்கிரியின் ஹீட் நம்பர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபது. ஷூவுக்குள் காலை நுழைத்துக் கயிற்றை இழுத்தேன். அந்தச் சத்தத்துக்கு எங்கள் நாய் ஜாங்கிரி எழுந்து வரவில்லை.

ஒன்பது வருடங்களில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது வந்து நின்று, கட்டி முடித்த கயிற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்துவிட்டு, என் வசவைக் கேட்ட பிறகுதான் திரும்பப் போய்ப் படுப்பாள். அன்று வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தாள். கூப்பிட்டபோது கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. காதைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வடித்த கஞ்சியின் நிறத்தில் இருந்தது.

"ஹெப்சி!" என்று கத்தினேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அவள் என் அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பு கூப்பிட்ட மாதிரியே இன்றும் என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தான், கண்ணு செருகுது பாருங்க. நேத்து ராத்திரி கூட என் கையை நக்கிக்கிட்டே கிடந்தா. நான்தான் போடி அங்கிட்டுன்னு தள்ளிவிட்டேன்."

எங்கள் மகள் ஷெரின் கார்ச் சாவியோடு வாசலில் நின்றாள். அவளுக்குப் பதின்மூன்று வயதில் வாங்கிக் கொடுத்த குட்டி இது. காக்கர் ஸ்பேனியல் இனம், பொன்னிற முடி, தரையைத் தொடுகிற சுருள் காது. அந்தக் காதைப் பார்த்து ஜாங்கிரி என்று பெயர் வைத்ததும் அவள்தான். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு, மாதாப்பூரில் வேலை. வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்வாள். அன்று சாவியை என் கையில் திணித்தாள். துண்டை விரித்து, ஜாங்கிரியைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறிவிட்டாள்.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. வயதான நாயை வைத்துக்கொண்டு, 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று தங்களைத் தேற்றிக்கொள்கிறவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். ராமச்சந்திராபுரத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஐந்து மாதங்களாகவே ஜாங்கிரி நன்றாக இல்லை. நான்கு நாள் சாப்பிடுவாள், இரண்டு நாள் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுவாள். வாந்தி எடுப்பாள். மாடிப்படி ஏறும்போது பின்னங்கால் நடுங்கும். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் சலைன் ஏற்றுவார்கள். மறுநாளே துள்ளி எழுந்து என் ஷூக் கயிற்றை இழுப்பாள். நாங்களும் சிரித்துக்கொண்டு மறந்துவிடுவோம். மூன்று முறை இப்படி ஆனது. மூன்று முறையும் சலைன் மட்டும் ஏன் அவளைத் தூக்கி நிறுத்துகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்ததிலிருந்து ஹெப்சி வீட்டில் உப்பை ஒழித்துவிட்டாள். ஜாங்கிரிக்குப் போகிற சோறும் கோழிச் சாறும் அதே பானையிலிருந்துதான். ஜாங்கிரி மொட்டைமாடித் தரையை நக்கினாள், நான் வேலைவிட்டு வந்தால் வியர்த்த கணுக்காலை நக்கினாள். ஊரிலிருந்து ஹெப்சியின் அண்ணன் அனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தைப் பரணில் வைத்தோம். அதற்குக் கீழே மூன்று நாள் காவல் இருந்தாள்.

"கெழவிக்கு நாக்கு ருசி கேக்குது பாருங்க," என்று ஹெப்சி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாதாப்பூருக்கு இந்தப் பக்கம், ஷெரின் தினமும் ஆபீஸ் போகும் வழியில் இருந்தது அந்தக் கால்நடை மருத்துவமனை. உள்ளே போனதும் வெள்ளைக் கோட்டுப் போட்ட இருவர் ஜாங்கிரியை வாங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். வெறும் துண்டு மட்டும் ஷெரினின் கையில் மிஞ்சியது.

என் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, தடுப்பூசி, உணவு. கடைசிக் கேள்வி: தாய்க்கோ தந்தைக்கோ உடன்பிறந்த குட்டிகளுக்கோ நோய் ஏதும் உண்டா? பேனா கொஞ்சம் நின்றது. 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காத்திருப்பு அறையில் பாரசீகப் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா இருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஹெப்சியைப் பார்த்து, "கைக்கு ரோரீ பாஜி? நக்கோ ரோ," என்றார். ஏன் அழுகிறாய் அக்கா, அழாதே என்று அர்த்தம். இருபத்தெட்டு வருட ஹைதராபாத் வாழ்க்கையில் ஹெப்சி உருதுவில் சரளமாகப் பேசுவது காய்கறிக் கடையில் மட்டும்தான். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார், தன் பூனையின் முறை வந்து கூப்பிடும்வரை.

பணியில் இருந்த மூத்த டாக்டர் ஒன்பது மணிக்கு எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். ரிப்போர்ட்டை மேசையில் விரித்து, ஹிந்தியில் மெதுவாக விளக்கினார். யூரியா, கிரியாட்டினின் இரண்டும் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவுகள். இரண்டும் ரத்தத்தில் ஏறிக் கிடந்தன. பொட்டாசியமும் ஏறியிருந்தது. அது ஏறினால் இதயம் சோர்ந்து மெதுவாக அடிக்கும்.

"கிட்னி போயிடுச்சுன்னுதான் தோணுது," என்றார். "வயசும் ஒன்பது. ட்ரிப் போட்டிருக்கோம், சாயங்காலம் அஞ்சு மணி வரை பாப்போம். திரும்பலைன்னா... அதைக் கஷ்டப்படுத்தாம அனுப்பி வைக்கிறதைப் பத்தி வீட்ல பேசி வைங்க."

அனுப்பி வைக்கிறது என்றால் ஊசி. ஷெரினுக்கும் புரிந்தது. வெளியே வந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாடீ, சைனிக்புரி கர்னல் அங்கிள் ஒகசாரி கால் சேஸாரு கதா? யூ ஃபாட் வித் ஹிம். ஏமன்னாரு ஆயன?"

கர்னல் ஒருமுறை போன் செய்தாரே, நீங்கள் சண்டை போட்டீர்களே, அவர் என்னதான் சொன்னார் என்று கேட்கிறாள். அப்போது அவள் பக்கத்து அறையில் பப்ளிக் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

ஜாங்கிரியை வாங்கியது கர்னல் ராவிடம். சைனிக்புரியில் வீடு, ஓய்வு பெற்றவர், தெலுங்குக்காரர். தமிழ்ச் சிப்பாய்களோடு காலம் முழுக்க இருந்ததால் பாளையத்துத் தமிழ் பேசுவார், அதாவது உத்தரவு போடுகிற தமிழ். குட்டி வாங்கப் போன அன்று என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். "குவார்ட்டர்ஸா? எத்தனை ரூம்? காம்பவுண்ட் சுவர் இருக்கா? சங்கிலியில கட்டிப் போடுவீங்களா?" பெண் கொடுக்கிற வீட்டில்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த முள் அப்போதே குத்திவிட்டது.

நான்கு வருடம் கழித்து ஒருநாள் அவரே போன் செய்தார். "அந்தப் பொண்ணை பிரீட் பண்ணாதீங்க. குட்டி வேணாம். அவ அம்மா..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. ஆபீசர் வீட்டு உயர்ந்த ஜாதி நாயைக் குவார்ட்டர்ஸ் நாயோடு சேர்த்துக் கெடுத்துவிடாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"எங்க வீட்டு நாயைப் பாத்துக்க எங்களுக்குத் தெரியும் சார்," என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி இரண்டு முறை அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. அடுத்த மூன்றாம் மாதம், என்னோடு வேலை பார்ப்பவர் வீட்டு ஆண் காக்கரோடு ஜாங்கிரியைச் சேர்த்துவிட்டேன். ஹெப்சி வேண்டாம் என்றாள். எனக்கு யாருக்கோ காட்ட வேண்டியிருந்தது. நான்கு குட்டிகள். நான்கையும் எங்களுக்கு வேண்டியவர்களுக்கே கொடுத்தேன்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வார்ப்புகளைச் சோதிக்கிற பிரிவில் இருக்கிறேன். ஒலியலையை உள்ளே அனுப்பி, வெளியே தெரியாத விரிசலைத் தேடுவது என் வேலை. உலையில் ஒருமுறை உருக்கிய எஃகிலிருந்து பத்துப் பன்னிரண்டு உருப்படிகள் வார்ப்பார்கள். எல்லாவற்றின் மேலும் ஒரே எண்ணைக் குத்துவார்கள். அதற்கு ஹீட் நம்பர் என்று பெயர். பன்னிரண்டில் ஒன்றில் விரிசல் கண்டால், அதை ஒதுக்கி வைப்பதோடு வேலை முடியாது. அதே எண் போட்ட மற்றவை எங்கே போயின என்று தேட வேண்டும். லாரியில் ஏறியிருந்தால் இறக்க வேண்டும். வேறு ஊருக்குப் போய்விட்டால் அங்கே சொல்ல வேண்டும். 'ஒண்ணுதானே சார் போச்சு, மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு' என்று யாராவது சொன்னால் எரிந்து விழுவேன்.

ஐந்து வருடத்துக்கு முன் கர்னல் எனக்குச் சொல்ல வந்தது ஒரு ஹீட் நம்பர். அதைக் கேட்டுக்கொள்ளாமல் வைத்தவன் நான்.

பத்து மணிக்கு மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு அவர் எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"யாரு? ராமச்சந்திராபுரமா?" எண்ணை வைத்திருக்கிறார். "பொண்ணு எப்படி இருக்கா?"

எப்படி இருக்கிறாள் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் அப்புறம். ரிப்போர்ட் கையில இருக்கா? சோடியம் படிங்க. ம். பொட்டாசியம். ம். கிட்னின்னு சொன்னாங்களா?"

"ஆமா சார். அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லணும்னு..."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"எங்க டச்சஸுக்கும் இதேதான் சொன்னாங்க," என்றார். டச்சஸ், ஜாங்கிரியின் தாய். "கிட்னின்னு சொன்னாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். தலையை என் மடியில வெச்சிருந்தேன். மறு வருஷம் மேஜருக்கு அதே மாதிரி வந்துச்சு. மேஜர், உங்க பொண்ணோட அண்ணன், ஒரே ஈத்து. வேற டாக்டர் பாத்தாரு. கிட்னி இல்ல, அடிசன்ஸ்னு ஒரு சுரப்பி நோய். இன்னிக்கு வரைக்கும் மாத்திரையில ஓடுறான். கையெழுத்துப் போடாதீங்க. சமஜே? கார்ட்டிசோல் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஃபோனை டாக்டர்கிட்ட குடுங்க, ஜல்தி!"

பிறகு ஏதோ நினைத்தவர் போல, "குட்டி போட்டாளா?" என்றார்.

"முதல்ல இவ பிழைக்கட்டும் சார்," என்றேன். அவர் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த நேரம் உள்நோய் பார்க்கிற டாக்டர் சுஷ்மா வார்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும், விஜயவாடாக்காரர். மேல்படிப்பு சென்னையில் படித்ததால் தமிழ் தட்டுத் தடுமாறி வரும். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "எஸ் சார். எஸ் சார்," என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஃபார்ம்ல ஃபேமிலி ஹிஸ்டரி தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களே அங்கிள்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதற்கு மேல் கேட்காமல் உள்ளே ஓடினார்.

மூத்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். இந்த நோய் சிறுநீரகக் கோளாறைப் போலவே வேஷம் போடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பூட்டிய வீட்டை அவர் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். கதவின் சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

சோதனை இதுதான். முதலில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். பிறகு, 'கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரந்து விடு' என்று சுரப்பிக்குக் கட்டளை போடுகிற மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். நல்ல சுரப்பி என்றால் இரண்டாவது அளவு நன்றாக ஏறியிருக்க வேண்டும். செத்த சுரப்பி என்றால் எத்தனை கட்டளை போட்டாலும் அசையாது. முடிவு வரும்வரை காத்திருக்காமல், சோதனையைக் கெடுக்காத ஒரு ஸ்டீராய்டு ஊசியும் சலைனும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஒலியலைக் கருவியின் திரையில் கோடு எழும்புமா என்று பார்த்துக்கொண்டே என் வாழ்நாளைக் கழித்தவன் நான். அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்த முறை பழுது இருக்க வேண்டும், அந்த அளவு எழும்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சுரப்பி செத்திருந்தால் அவள் பிழைப்பாள். உயிரோடு இருந்தால், அப்புறம் கிட்னிதான். ஹெப்சி ஜெபம் பண்ணுகிறாள் என்று தெரிந்தது. என்னவென்று கேட்டு ஜெபிப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றே முக்காலுக்கு டாக்டர் சுஷ்மா வந்தார். இரண்டு எண்களையும் காட்டினார். இரண்டும் ஏறக்குறைய பூஜ்யம்.

"கிட்னி இல்ல அங்கிள்," என்றார். "அடிசன்ஸ்தான். மருந்து இருக்கு."

ஷெரின் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். டாக்டர் கையிலிருந்த காகிதம் கசங்கியது.

ராத்திரி யாரும் தங்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். புதன், வியாழன் இரண்டு நாளும் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை பார்க்கலாம். என் ஷிப்டை இரண்டு பேர் பங்கு போட்டுப் பார்த்தார்கள், லீவு எழுத வேண்டாம் என்றார்கள். ஆண் காக்கரின் சொந்தக்காரர் அதில் ஒருவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. புதனன்று ஜாங்கிரி தலையைத் தூக்கினாள். வியாழனன்று ஹெப்சி கொண்டுபோன கஞ்சியைக் குடித்தாள். கஞ்சியில் உப்புப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவு போட்டு, கிளறும்போது ஹெப்சி அழுதிருக்கிறாள். ஷெரின் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை டாக்டர் சுஷ்மா எங்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் ஒரு சின்னச் சுரப்பி குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அது இரண்டு முக்கியமான ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஒன்று, உடம்பில் உப்பைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது. இன்னொன்று கார்ட்டிசோல், பயமோ அலைச்சலோ நோயோ வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சொந்தப் படையே ஆள் தெரியாமல் அந்தச் சுரப்பியைத் தின்றுவிட்டால் அது அடிசன்ஸ். நடுவயதில்தான் அதிகம் தெரியவரும். ஒன்பது, பத்து வயதில் வந்தால் எல்லாரும் முதுமை மேல் பழி போட்டுவிடுவார்கள்.

"உப்பு இல்லாம பண்ணினதால வந்துச்சா டாக்டர்?" என்று ஹெப்சி கேட்டாள். அதைக் கேட்கத்தான் இரண்டு நாளாகக் காத்திருந்தாள்.

"இல்ல ஆன்ட்டி. உப்பால இந்த நோய் வராது. ஆனா உடம்பு உப்பை விட்டுட்டே இருந்திருக்கு, அவ தேடியிருக்கா. அப்படித்தான்னு நிச்சயமா சொல்ல முடியாது, இருக்கலாம்."

இருக்கலாம். அந்த வார்த்தையோடுதான் நாங்கள் மிச்ச நாளை வாழவேண்டும்.

பிறகு வம்சத்துக்கு வந்தார். யார் நம் ஆள், யார் அந்நியன் என்று அந்தப் படைக்கு அடையாளம் சொல்லிக் கொடுக்கிற மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றின் சில வகைகள் சில இனங்களில் அதிகம். காக்கரும் அதில் ஒன்று. முடியின் நிறம் மாதிரி ஒரு மரபணு இருந்தால் நோய், இல்லாவிட்டால் இல்லை என்கிற கணக்கு இல்லை. பல மரபணுக்கள் சேர வேண்டும். குட்டிக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. எந்தப் பாதி என்பது சீட்டுக் கலைக்கிற மாதிரி. தாய்க்கு இருந்தும் ஒரு குட்டி சாகும்வரை தப்பிக்கலாம். இன்னொன்று நன்றாக ஓடி விளையாடிவிட்டு ஒன்பதாவது வயதில் விழலாம். இந்தக் குட்டிக்கு வரும், இதற்கு வராது என்று முன்கூட்டியே அடித்துச் சொல்கிற ரத்தப் பரிசோதனை இன்று இல்லை. சொந்தத்தில் யாருக்கு வந்தது என்ற செய்தி ஒன்றுதான் கையில் இருக்கிற கருவி.

"இந்த ஊர்ல இருக்கிற காக்கர் எல்லாம் கொஞ்ச நாய்கள்லேருந்து வந்தது அங்கிள். மேனரிகம் மாதிரி. அத்தை பொண்ணு, மாமா பையன், திரும்பத் திரும்ப அதுக்குள்ளேயே. கெட்ட சீட்டு ரெண்டு பக்கமும் வந்து சேர்றதுக்கு சான்ஸ் ஜாஸ்தி."

ஹெப்சி என் விலாவில் இடித்தாள். "அத்தான், நம்மளத்தான் சொல்லுதா."

மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தோம். டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. ஷெரின் அவரிடம் தெலுங்கில் போட்டுக் கொடுத்தாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "பிரீட் பண்ணிருக்கீங்களா?"

ஹெப்சி என்னைப் பார்த்தாள். "ஒரு தடவை," என்றேன். "நாலு குட்டி."

"அவங்களுக்குச் சொல்லிடுங்க. பயமுறுத்த வேணாம். வாந்தி, சோர்வு வந்துவந்து போச்சுன்னா சோடியம், பொட்டாசியம் பாக்கச் சொல்லுங்க. அது போதும்."

அது போதும் என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். நான்கில் ஒன்றான லட்டு, செகந்திராபாதில் எங்கள் சபையில் பியானோ வாசிப்பவர் வீட்டில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ஆராதனைக்குப் பிறகு அவர் என்னிடம், "லட்டு ரெண்டு நாளா வாந்தி எடுக்குதுங்க," என்றார். "கேக்கு குடுத்திருப்பீங்க," என்று சொல்லிச் சிரித்து அனுப்பினேன். அந்தச் சிரிப்பை எப்படித் திருப்பி வாங்குவது? வியாழன் சாயங்காலம் அவர் எண்ணை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன். சுபாவம் மாறவில்லை பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன் கேட்க மாட்டேன் என்று வைத்தவன், இப்போது சொல்ல மாட்டாமல் வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். ஒரு சிக்கல் வந்தது. உப்பைப் பிடித்து வைக்கிற ஹார்மோனுக்குப் பதிலாகத் தினமும் தர வேண்டிய மாத்திரை எங்கும் இல்லை. மருத்துவமனையில் தீர்ந்திருந்தது. ஷெரின் காலையிலிருந்து கடைகளுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை வரும் என்றார்கள், புதன் என்றார்கள். ஒருநாள்கூட விடக் கூடாத மாத்திரை அது. கர்னலுக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டு அவள்தான் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

பதினொரு மணிக்கு வாசலில் ஒரு டாக்சி நின்றது. முதலில் ஒரு கைத்தடி இறங்கியது, பிறகு கர்னல், பிறகு முகமெல்லாம் நரைத்த ஒரு காக்கர். எண்பது வயதை நெருங்கிவிட்டார். சட்டை மட்டும் அன்றுபோலவே மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா.

நான் எழுந்து நின்றேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அவர் டப்பாவை ஷெரினிடம் நீட்டினார். உள்ளே மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன.

"மேஜரோட ரிசர்வ் ஸ்டாக். ஒரு மாசத்துக்கு வரும். கிடைச்சப்போ திருப்பிக் குடு, போதும்."

அதற்குள் ஜாங்கிரியைக் கொண்டுவந்து விட்டார்கள். முன்னங்காலில் முடி மழித்த இடம் தெரிந்தது. மேஜர் போய் அவள் காதை முகர்ந்தான். எட்டு வாரக் குட்டிகளாகப் பிரிந்தவர்கள். அடையாளம் தெரிந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அவள் அவனைத் தாண்டி வந்து, என் ஷூக் கயிற்றை மோந்து பார்த்து, பல்லால் பிடித்து இழுத்தாள். பலமில்லாத இழுப்பு. முடிச்சு அவிழவில்லை. நான் குனிந்து அவிழ்த்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது கர்னல் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து மடியில் விரித்திருந்தார். டச்சஸின் ஈத்து. ஆறு குட்டிகளின் பெயர்கள், யார் வீட்டில், எப்போது என்ன நோய் என்று நேர்கோடு போட்டு எழுதியிருந்தார். டச்சஸுக்கு எதிரே 'கிட்னி' என்று எழுதி அடித்திருந்தது. ஆறாவது வரியில், ராமச்சந்திராபுரம் என்பதற்கு எதிரே, இங்கிலீஷில், 'பேச விருப்பமில்லை'. அந்த இரண்டு வார்த்தைகளின் மேலும் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தைத் திருப்பினார். புதுப் பக்கத்தின் மேலே ஜாங்கிரி என்று எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"குட்டி எத்தனை?"

"நாலு சார்."

"பேர் சொல்லுங்க, அட்ரஸோட. மெதுவா சொல்லுங்க, அவசரம் இல்ல," என்றார். "ஆனா ஒண்ணு கூட விட்டுப்போகக் கூடாது."